வேர்ப்புழு வளர்த்தவள்

மர்லிஸ் வோண்ட்ரா சம்பளம் வாங்கிக்கொண்டு வண்டு வளர்த்தாள். நெப்ராஸ்காவில் டோப்ரி ஊருக்கு வெளியே இருக்கிற பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பண்ணையில், பின்பக்கத் தகரக் கொட்டகையின் மூன்றாவது அறை அவளுடையது. அறை முழுக்க வலைக் கூண்டுகள். கூண்டுகளுக்குள் மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட வண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு நெல்மணி நீளம்கூட இராது. அந்த வண்டு மண்ணில் முட்டையிடும். முட்டையிலிருந்து வருகிற புழு மக்காச்சோளத்தின் வேரைத் தின்று தீர்த்துவிடும். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் எல்லாரும் அதைக் கொல்ல வழி தேடிக்கொண்டிருக்க, அது சாகாமல் பார்த்துக்கொள்வது மர்லிஸின் வேலை. புது மருந்தையும் புது விதையையும் சோதித்துப் பார்க்க உயிருள்ள புழு வேண்டும் அல்லவா?

தானியக் கிடங்கில் காலைக் காபி குடிக்கிற ஆண்கள் அவளைக் கண்டால் சும்மா விடமாட்டார்கள்.

"என்ன மர்லிஸ், பிள்ளைங்கல்லாம் சௌக்கியமா?"

"நல்லா இருக்குதுங்க. வேளாவேளைக்குத் தின்னுட்டுத் தூங்குதுங்க."

"அதுல நாலஞ்சு எங்க வயலுக்கு வந்துடுச்சுபோல. நேத்து பார்த்தேன்."

"என் பிள்ளைங்க ஒழுக்கமா வளர்ந்ததுங்க. ஊர் மேயுறது உங்க வயல்ல வளர்ந்ததா இருக்கும்."

காபியை வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

இந்த வேலைக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்துமூன்று வயது. அதற்கு முன் எட்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தாள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவன் வயோமிங் பக்கம் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அவளும் தேடிப்போகவில்லை. பிறந்த வீட்டுப் பெயரைத் திரும்ப வைத்துக்கொண்டு வேலை தேடினாள். நேர்காணலில், "புழு பூச்சின்னா அருவருப்பு உண்டா?" என்று கேட்டார்கள். "எட்டு வருஷமா முந்நூறு பிள்ளைங்க சாப்பிட்ட தட்டைக் கழுவியிருக்கேன்" என்றாள். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள்.

அவளுக்குக் கை வாகு இருந்தது. முட்டை பொரித்து வரும் புழு ஒரு நூல் துணுக்கு போலத்தான் இருக்கும். அதை நசுக்காமல் எடுத்து வேரடியில் விட மூன்றே மயிரிழை உள்ள தூரிகை வேண்டும். பட்டம் வாங்க வந்த மாணவர்கள் பத்துக்கு நான்கைக் கொன்றுவிடுவார்கள். மர்லிஸ் நூறு எடுத்தால் தொண்ணூற்றெட்டு உயிரோடு போய்ச் சேரும். அவள் வளர்த்த வண்டுகள் பழைய வம்சம். வேர்ப்புழுவைக் கொல்கிற புது விதைகள் வருவதற்கு முன்பே வயலில் பிடித்துவந்து, தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பெருக்கியவை. எந்த விஷத்தையும் பார்த்தறியாதவை. எதைச் சோதித்தாலும் அவற்றோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒருமுறை அழிந்தால் அப்படி ஒரு வம்சம் மறுபடி கிடைக்காது.

ஒரு டிசம்பரில் பனிமழை பெய்து, கம்பியெல்லாம் கண்ணாடிக் குழாய்போல உறைந்து, மூன்று நாள் மின்சாரம் இல்லை. பண்ணையின் ஜெனரேட்டரும் கைவிட்டது. மர்லிஸ் முப்பது கூண்டுகளையும் போர்வையில் சுற்றித் தன் காரில் ஏற்றி, நான்கு நடையாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். விறகடுப்பைச் சுற்றி அடுக்கிவைத்து மூன்று நாளும் தீ அணையாமல் பார்த்துக்கொண்டாள். ஒரு கூண்டின் வலை எங்கோ கிழிந்திருக்கிறது. பிப்ரவரி வரைக்கும் திரைச்சீலை மடிப்பிலும் சர்க்கரை டப்பாவிலும் வண்டு கிடந்தது. ஆனால் வம்சம் பிழைத்தது. பல்கலைக்கழகம் ஒரு சான்றிதழ் கொடுத்தது. அதைச் சமையலறை இழுப்பறையில் போட்டு வைத்தாள்.

மர்லிஸின் அண்ணன் லேலண்ட் அவளைவிட நான்கு வயது மூத்தவன். குடும்ப நிலம் அவன் கையில் இருந்தது. முந்நூறு மாடுகளைப் பட்டியில் கட்டிக் கொழுக்கவைத்து விற்பான். மாட்டுக்கு மக்காச்சோளம் வேண்டும். கதிர் மட்டுமல்ல, பச்சையாக வெட்டிப் பதப்படுத்திய தட்டையும் வேண்டும். அதனால் பட்டிக்கு ஒட்டியிருந்த கிழக்கு வயலில் வருஷம் தவறாமல் மக்காச்சோளம்தான். மற்றவர்கள் ஒரு வருஷம் மக்காச்சோளம், ஒரு வருஷம் சோயா என்று மாற்றிப் போடுவார்கள். வேர்ப்புழுவுக்கு மக்காச்சோள வேரைத் தவிர வேறு எதுவும் ஒத்துக்கொள்ளாது. சோயா வயலில் பொரித்தால் பட்டினியில் சாகும். லேலண்டுக்கு அந்த வசதி இல்லை. அதனால் வருஷா வருஷம் விதைக்கும்போதே மண்ணில் மருந்துக் குருணை போட்டு வந்தான். அந்த நெடியில் அவனுக்குத் தலைவலி வரும்.

பிறகு புது விதை வந்தது. மண்ணில் வாழ்கிற ஒரு நுண்ணுயிரின் மரபணுவைச் சேர்த்த பி.டி. மக்காச்சோளம். செடியே தன் வேரில் புழுவுக்கு விஷத்தை வைத்துக்கொண்டு முளைக்கும். மனுஷனுக்கோ மாட்டுக்கோ ஒன்றும் ஆகாது. அந்த மாவட்டத்தில் அதை முதலில் விதைத்தவன் லேலண்ட்தான். முதல் வருஷமே செடி சுவர் வைத்ததுபோல நின்றது. விதைக் கம்பெனிக்காரர்கள் அவனை வயலில் நிறுத்திப் படம் எடுத்து நாட்காட்டியில் போட்டார்கள். குளிர்காலக் கூட்டங்களில் அவனைப் பேசச் சொன்னார்கள். "மருந்து மூட்டையைத் தொட்டு மூணு வருஷமாச்சு" என்று அவன் சொன்னதைக் கேட்டு அக்கம்பக்கத்தில் பதினைந்து பேராவது அதற்கு மாறியிருப்பார்கள். எதிர்வரப்புக் கேலன் போஸ்பிஷில் மட்டும் மாறவில்லை. அவன் சாதாரண விதையும் சோயாவுமாக மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"கேலன் இன்னும் அவங்க தாத்தா காலத்துலயே இருக்கான். குதிரை கட்டி உழாததுதான் பாக்கி" என்று லேலண்ட் கிடங்கில் சொல்லிச் சிரிப்பான். கேலன் காபியை ஊதிக் குடிப்பான்.

புது விதை வந்த எட்டாம் வருஷம் ஜூலையில் ஒரு வியாழக்கிழமை பெருங்காற்று அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வழக்கம்போல மர்லிஸ் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். அண்ணி ஜோலீன் பன்றிக்கறி வறுவலும் மாவுருண்டையும் புளித்த முட்டைக்கோசும் செய்திருந்தாள். சாப்பிட உட்காருமுன் மர்லிஸின் கண் ஜன்னல் வழியே கிழக்கு வயலுக்குப் போனது. நடுவில் பெரிய பெரிய திட்டாகச் செடிகள் சாய்ந்து கிடந்தன. சாய்ந்த செடி திரும்ப நிமிரப் பார்த்து, தண்டு வாத்துக் கழுத்தாக வளைந்திருந்தது.

"என்ன லீ, வயல் படுத்திருக்கு?"

"காத்து அடிச்சுதே, நீ எங்க இருந்தே?"

"எதிர்ல கேலனோட வயலும் அதே காத்துல தானே இருந்தது. அது நிக்குதே."

லேலண்ட் மாவுருண்டையை வெட்டிக்கொண்டே, "அவன் பள்ளத்துல இருக்கான். காத்து மேலால போயிடும்" என்றான்.

மர்லிஸ் சாப்பிட்டு முடித்து, காலணியை மாட்டிக்கொண்டு வயலுக்குள் போனாள். சாய்ந்த செடி ஒன்றை ஒரு கையால் இழுத்தாள். கீரைத்தண்டு போல வந்துவிட்டது. அந்த வளர்த்தியில் இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தாலும் வரக்கூடாது. வேரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். மூன்று அடுக்கு வேர் இருக்கவேண்டிய இடத்தில் தேய்ந்த துடைப்பக்கட்டை மாதிரி ஒரு குச்சம்தான் மிச்சம். மிச்சத்தின் நுனியெல்லாம் பழுப்பாகக் கடிபட்டிருந்தது. இருபத்தாறு வருஷமாக அவள் பார்த்துவரும் பல்வரிசை அது. நிமிர்ந்து கதிர்களைப் பார்த்தாள். ஒவ்வொரு கதிரின் நுனியில் தொங்கும் பட்டு இழையிலும் ஏழெட்டு வண்டு உட்கார்ந்து மேய்ந்துகொண்டிருந்தது.

வேரைக் கொண்டுவந்து கொல்லைப்படியில் வைத்தாள். லேலண்ட் வெளியே வந்து பார்த்தான். அதைப் பூட்ஸ் நுனியால் புரட்டினான்.

"விதை மூட்டை மாறிப்போயிருக்கும்" என்றான் கடைசியில். "சாதா விதை கலந்திருப்பானுங்க."

"இருக்கலாம். வண்டு கொஞ்சம் பிடிச்சுக் குடு. எங்க பண்ணை டாக்டர் பார்த்துச் சொல்லுவாங்க."

"வேண்டாம்."

"லீ..."

"வேண்டாம்னா வேண்டாம் மர்லி. என் வயல், நான் பார்த்துக்கறேன். உன் டாக்டர் அதைப் புத்தகத்துல எழுதுவாங்க, ஊர் பூரா லேலண்ட் வோண்ட்ரா வயல்ல புழு ஜெயிச்சுடுச்சும்பான். எனக்குத் தேவையா அது?"

ஜோலீன் கதவுக்குப் பின்னாலிருந்து, "செர்ரிப் பணியாரம் ஆறிப்போகுது" என்று கூப்பிட்டாள். பணியாரத்தைத் தின்றுவிட்டு வழக்கம்போலச் சீட்டாடினார்கள். அன்றைக்கு எல்லா ஆட்டமும் மர்லிஸ்தான் ஜெயித்தாள். லேலண்டுக்குச் சீட்டில் கவனமே இல்லை.

பண்ணையில் அவளுக்கு மேலே டாக்டர் ஹாஸ்கெல் இருந்தார். நாற்பது வயதுகூட ஆகாதவர், பூச்சியியல் படித்தவர். அந்த வாரம் அவரே அறைக்கு வந்து, "மர்லிஸ், பி.டி. வயல்ல வேர் தின்ன மாதிரி ஏதாவது உங்க காதுக்கு வந்ததா? பக்கத்து மாநிலத்துல ரெண்டு இடத்துல சந்தேகப்படறாங்க" என்று கேட்டார்.

மர்லிஸ் கூண்டுக்குள் பூசணித் துண்டு வைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு இடம் தெரியும் டாக்டர். ஆனா நான் சொல்லக்கூடாது. அந்த ஆளே சொல்லணும்."

டாக்டருக்குப் புரிந்திருக்கும். அந்த ஊரில் மர்லிஸுக்கு இருப்பது ஒரே அண்ணன். "செப்டம்பர் பாதியில வண்டெல்லாம் செத்துப்போயிடும்" என்றார்.

"தெரியும்."

"சாலையோரமா நின்னு பிடிச்சா யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. பறந்து வர்ற பூச்சிக்குச் சொந்தக்காரன் யாரு?"

"நான் பிடிக்க மாட்டேன் டாக்டர். நீங்க பிடிக்கறதுன்னா உங்க இஷ்டம்."

டாக்டரும் பிடிக்கவில்லை. மர்லிஸ் அடுத்த நான்கு ஞாயிறும் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள். கிழக்கு வயலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. காரில் திரும்பும்போது மட்டும் அந்த வயலைத் தாண்டும்வரை வண்டியை மெதுவாக ஓட்டினாள். பேசாமல் இருப்பது சரிதானா என்று ஒவ்வொரு முறையும் தோன்றியது. எச்சரித்தால் கேட்கிற பிறவி இல்லை அவன். சின்ன வயதில் உறைந்த குளத்தின் மேல் நடக்காதே என்று சொல்லச் சொல்ல நடந்து இடுப்பளவு தண்ணீரில் விழுந்தவன். தானாகக் கரையேறியபோது கையில் பிடிவாதமாக ஒரு பூட்ஸ் மட்டும் இருந்தது.

ஆகஸ்ட் கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பண்ணை வாசலில் லேலண்டின் வண்டி வந்து நின்றது. பதினான்கு மைல் தூரம்தான். ஆனாலும் இருபத்தாறு வருஷத்தில் அவன் அங்கே காலெடுத்து வைத்ததில்லை. கையில் ஒரு தலையணை உறை. வாயைச் சணல் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தான். உறை தானாக நெளிந்தது.

"அஞ்சரை மணியிலேருந்து பிடிக்கறேன். எழுநூறு இருக்கும். போதுமா?"

"தாராளம். இது ஜோலீனோட பூப்போட்ட உறை ஆச்சே."

"அவகிட்டச் சொல்லாதே."

மர்லிஸ் உறையை வாங்கி ஒரு காலிக் கூண்டுக்குள் வைத்துக் கட்டை அவிழ்த்தாள். வண்டுகள் மெல்ல வெளியே வந்து வலையில் ஏறின. லேலண்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான்.

"இதெல்லாம் உன்னுதா?"

"ஆமா. அது பழைய வம்சம். இது இப்ப நீ கொண்டுவந்தது. ரெண்டையும் பக்கத்துல வைக்கக்கூடாது, கலந்துடும்."

"பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கு."

"பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மர்லி, ஒண்ணு சொல்லணும். நான் அந்தப் பங்கை விடல."

பி.டி. விதை வாங்குகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வயலில் ஐந்தில் ஒரு பங்கு சாதாரண மக்காச்சோளம் போட வேண்டும். புழு அங்கே நிம்மதியாகத் தின்று வண்டாகட்டும் என்று விட்டுவைக்கிற இடம் அது. விஷத்தைத் தின்றும் சாகாத வண்டு ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். அவை இந்தச் சாது வண்டுகளோடு கூடினால் பிறக்கிற புழு பெரும்பாலும் விஷத்துக்குச் சாகும். சாது வண்டே இல்லையென்றால் சாகாதது சாகாததோடுதான் கூடும்.

"எத்தனை வருஷமா?"

"நாலு. முதல் தடவை மழை வர்ற மாதிரி இருந்தது. விதைப்பெட்டியைக் காலி பண்ணி வேற விதை கொட்டணும்னா ஒரு மணி நேரம் ஆகும். சரி, இந்த ஒரு வருஷம்தானேன்னு ஒரே விதையா ஓட்டிட்டேன். ஒண்ணும் ஆகல. அடுத்த வருஷம் மழையும் இல்ல, சாக்கும் இல்ல. சும்மாவே விட்டுட்டேன்." தொப்பியை மடியில் வைத்தான். "கூட்டத்துல நின்னு எல்லார்கிட்டயும், மறக்காம அந்தப் பங்கை விடுங்கன்னு நான்தான் பேசுவேன். அதை நினைச்சா ராத்திரியில தூக்கம் வரல. அதான் வந்தேன்."

மர்லிஸ் கூண்டின் கதவைச் சாத்தி இரண்டு கொக்கியும் போட்டாள். திட்டவேண்டும் என்றுதான் இருந்தது. இத்தனை வருஷம் அவள் மூன்று மயிர்த் தூரிகையை வைத்துக்கொண்டு செய்த வேலையெல்லாம் எதற்கு என்று கேட்கவேண்டும்போல இருந்தது. அவன் காலணியில் வயல்மண் அப்பியிருந்தது. சட்டையின் இரண்டு கைப்பட்டையிலும் மகரந்தம்.

"இதை டாக்டர்கிட்டச் சொல்லணும் லீ. அவங்களுக்குத் தெரியணும்."

"நீ சொல்லிடேன்."

"நீயே சொல்லு. நான் காபி எடுத்துட்டு வர்றேன்."

அவள் திரும்பி வந்தபோது டாக்டர் ஹாஸ்கெல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். லேலண்ட் எந்தெந்த வருஷம் என்ன விதை போட்டான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டர் அவனைக் குறை சொல்லவில்லை. "நீங்க வந்தது பெரிய விஷயம்" என்று மட்டும் சொன்னார்.

லேலண்டின் வண்டுகள் செப்டம்பர் முழுக்க முட்டையிட்டன. ஈரமண் தட்டில் இட்ட முட்டையைச் சல்லடையில் அலசி எடுத்தால் வெள்ளை ரவைபோல இருக்கும். அந்த முட்டை குளிர்காலத்தைத் தாண்டினால்தான் பொரிக்கும். அதை ஏமாற்ற முடியாது. ஒரு மாதம் வெதுவெதுப்பில் வைத்து, அக்டோபர் கடைசியில் குளிர் அலமாரியில் அடுக்கினாள் மர்லிஸ். இனி மார்ச் வரை காத்திருக்க வேண்டும். பிறகு பொரித்து, வளர்ந்து, எண்ணி முடிக்க மே பாதி ஆகிவிடும். விதைப்போ ஏப்ரல் கடைசியில்.

நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே லேலண்ட் கேட்டான். "என் பிள்ளைங்க எப்படி இருக்கு?"

"தூங்குதுங்க."

"எழுப்பேன் கொஞ்சம் சீக்கிரமா."

"அது நம்ம கையில இல்ல."

ஜனவரியில் விதைக் கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்தான். இரண்டு விதமான விஷம் சேர்த்த புது ரகம் வந்திருக்கிறது, இதைப் போட்டால் பயமே இல்லை என்றான். அவன் போன பிறகு லேலண்ட் மேஜையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

"நீ என்ன சொல்றே மர்லி?"

"உன் புழு எதுக்குச் சாகும், எதுக்குச் சாகாதுன்னு எனக்கு இன்னும் தெரியாது. தெரியாததைச் சொல்லமாட்டேன். சோயா வேர்ல அது பொழைக்காது. அது மட்டும் நிச்சயம்."

"மாடு முந்நூறும் சோயாத் தட்டையைத் தின்னுமா?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஜோலீன் திரும்பாமலே சொன்னாள். "கேலனோட தெக்கு வயல்ல இந்த வருஷம் மக்காச்சோளம் முறை. மாத்திக்கச் சொல்லிக் கேளேன். உன் பயிர் அவன் நிலத்துல, அவன் பயிர் உன் நிலத்துல."

"கேலன்கிட்டயா?"

"வேற யாரு நம்ம பட்டிக்குப் பக்கத்துல இருக்கா?"

லேலண்ட் எழுந்து மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டான். தீவனம் வைத்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை கோயில் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. ஊரே வந்திருந்தது. மர்லிஸ் ஏப்ரன் கட்டிக்கொண்டு முட்டைக்கோஸ் கலவையை அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். லேலண்ட் தட்டோடு நேராகக் கேலன் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போவதைப் பார்த்ததும் கரண்டி அப்படியே நின்றது. அந்த மேஜையில் கிடங்கின் காபிக்கூட்டம் அத்தனையும் இருந்தது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்பான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"கேலன், உன் தெக்கு வயலை ஒரு வருஷம் எனக்குத் தர்றியா? என் கிழக்கு வயல்ல நீ சோயா போட்டுக்கோ."

கேலன் மீனிலிருந்து முள்ளை எடுத்தான். "ஏன், உன் வயலுக்கு என்ன?"

"புழு."

"புழுவா? நீ போடற விதையில புழு செத்துடும்னு சொன்னாங்க."

"யார் சொன்னது?"

"நீதான். எட்டு வருஷமா சொல்றே."

மேஜையில் இரண்டு பேர் சிரித்தார்கள். லேலண்டின் கழுத்து சிவந்தது. ஆனால் நகரவில்லை. "சொன்னேன். இப்ப சாகல. சாதா விதை போட வேண்டிய பங்கையும் நாலு வருஷமா நான் விடல. தப்பு எங்கேன்னு கேட்டா பாதி அங்கதான்."

மேஜைக் கோடியில் இருந்த பெரிய உடம்புக்காரர் ஒருவர் உருளைக்கிழங்கைத் தட்டில் உருட்டிக்கொண்டே, "நானும் ரெண்டு வருஷம் விடல" என்றார். அவருக்கு எதிரே இருந்தவன், "ரெண்டா? பக்கத்துல இருந்து பார்த்தவன் நான். மூணு" என்றான். "சரி மூணு. உன் கதையை நான் எடுக்கட்டுமா?" என்றார் அவர். அவன் தட்டில் குனிந்து மீனைப் பிய்த்தான்.

கேலன் முள்ளையெல்லாம் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "என் வயலைக் குதிரை கட்டித்தான் உழணும். உனக்குப் பழக்கம் இருக்கா?"

"கத்துக்கறேன்."

"அப்ப எடுத்துக்கோ. எனக்கு ஒரு தட்டு மீன் வாங்கிட்டு வா."

லேலண்ட் வரிசையில் வந்து நின்றான். மர்லிஸ் தட்டில் மீனை வைத்தாள். கேலனுக்குப் போன தட்டில் கலவை மட்டும் இரண்டு கரண்டி அதிகமாக விழுந்தது.

ஏப்ரலில் முட்டைகள் பொரித்தன. கோப்பைகளில் பி.டி. மக்காச்சோளச் செடியும் சாதாரணச் செடியும் வளர்த்து, ஒவ்வொன்றின் வேரடியிலும் பன்னிரண்டு புழுவை விட்டாள் மர்லிஸ். அண்ணன் வயல் என்பதால் எந்தக் கோப்பை எந்த வம்சம் என்று அவளுக்குத் தெரியக்கூடாது என டாக்டர் சொல்லியிருந்தார். மாணவன் ஒருவன் முட்டை டப்பாக்களில் எண் மட்டும் ஒட்டி அவளிடம் கொடுத்திருந்தான். அவளுக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது. பதினேழு நாள் கழித்து மண்ணையும் வேரையும் புனலில் போட்டு மேலே விளக்கைப் போட்டார்கள். சூடு தாங்காத புழு கீழே இறங்கிக் குப்பியில் விழும். மர்லிஸ் குப்பி குப்பியாக எண்ணினாள். சிலதில் ஏழு, எட்டு. சிலதில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எண்ணி எழுதினாள்.

எண்களைப் பிரித்துப் பார்த்த அன்று டாக்டர் லேலண்டையும் வரச் சொல்லியிருந்தார். தாளை அவன் பக்கம் திருப்பிவைத்தார். சாதாரணச் செடியில் இரண்டு வம்சமும் ஒரே அளவு பிழைத்திருந்தன. பி.டி. செடியில் மர்லிஸின் பழைய வம்சம் அநேகமாக முழுதும் செத்திருந்தது. கிழக்கு வயலின் புழு, சாதாரணச் செடியில் எவ்வளவு பிழைத்ததோ ஏறக்குறைய அவ்வளவே இதிலும் பிழைத்திருந்தது.

லேலண்ட் தாளை நெடுநேரம் பார்த்தான். "அப்ப, நான் வளர்த்தது உன்னுதைவிடப் பலசாலி" என்றான் தங்கையிடம்.

"ஆமா லீ. நல்லாத்தான் வளர்த்திருக்கே."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்த வம்சத்தை ஆராய்ச்சிக்காகத் தொடர்ந்து வளர்க்கலாமா என்று கேட்டார். வளர்த்துக்கொள்ளுங்கள், பேர் மட்டும் போடவேண்டாம் என்றான் லேலண்ட். மர்லிஸ் அந்தக் கூண்டுக்கு "கிழக்கு" என்று சீட்டு எழுதி ஒட்டினாள். அவளுக்குச் சந்தோஷமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் அந்த விதை வந்தபோது அவளும்தான் நிம்மதிப்பட்டாள், அண்ணனுக்கு இனித் தலைவலி வராது என்று. அது இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்கவேண்டியதில்லை.

ஜூலையில் கிழக்கு வயல் முழங்கால் உயரச் சோயாவாக நின்றது. சோயாவுக்கு நடுவே, போன வருஷம் உதிர்ந்த கதிரிலிருந்து தானாக முளைத்த மக்காச்சோளம் அங்கங்கே தலை நீட்டியது. அதை விட்டுவைத்தால் புழு அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்துவிடும். ஒரு சனிக்கிழமை காலையில் லேலண்ட், ஜோலீன், மர்லிஸ், கேலன் நான்கு பேரும் ஆளுக்கொரு களைக்கொத்தோடு வரிசை பிடித்து நடந்தார்கள். மர்லிஸ் வெட்டிய செடிகளில் பத்துக்கு ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்றில் கடி இருந்தது. மற்றதெல்லாம் சுத்தம்.

"உன் மக்காச்சோளம் வளர்ந்து எனக்கு ரோடே தெரியல" என்றான் கேலன் லேலண்டிடம். "யார் வர்றான் போறான்னே தெரியமாட்டேங்குது."

"உனக்கு என்ன, வேற வேலையே இல்லையா?"

"இருக்கு. அடுத்தவன் வயல்ல களை வெட்டிட்டு இருக்கேன்."

ஜோலீன் வண்டியிலிருந்து எலுமிச்சைச் சாறும் சர்க்கரை பாதாமிப்பழம் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டியும் எடுத்துவந்தாள். வரப்பில் உட்கார்ந்து தின்றார்கள்.

அடுத்த வருஷத்திலிருந்து லேலண்டும் கேலனும் அந்த இரண்டு வயலையும் மாற்றி மாற்றிப் பயிர் செய்தார்கள். பி.டி. விதையை லேலண்ட் முழுக்க விட்டுவிடவில்லை. தூரத்து வயலில் மட்டும் போட்டான். ஐந்தில் ஒரு பங்கைக் கோல் நட்டு அளந்து சாதா விதைக்கு விட்டான். கூட்டங்களில் பேசக் கூப்பிட்டால் போனான். நாட்காட்டிப் படம் எடுத்த கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை. பல்கலைக்கழகத்துக் கூட்டங்கள் கூப்பிட்டன. நாலு வருஷ விஷயத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவான். எல்லாரும் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. மாவட்டத்தில் இன்னும் மூன்று வயல்கள் சாய்ந்தன.

மர்லிஸ் அறுபத்தாறு வயது வரை அந்த அறையில் இருந்தாள். கடைசி வருஷத்தில் பதினோரு வயல்களின் வம்சங்கள் அவளிடம் வளர்ந்தன. ஒன்றோடொன்று கலக்காமல் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு வம்சத்துக்கும் தனித்தனி மேலங்கி மாட்டிக்கொண்டு போவாள். வேலையை விட்ட பிறகு வாரத்தில் இரண்டு நாள் கோயில் கூடத்துச் சமையலுக்குப் போகிறாள். ஞாயிறு மதியம் அண்ணன் வீடு. இப்போதெல்லாம் கேலனும் சீட்டாட வருகிறான். அவன் கள்ளாட்டம் ஆடுகிறான் என்பது மர்லிஸுக்கும் லேலண்டுக்கும் தெரியும். இன்னும் கையும் களவுமாகப் பிடித்தபாடில்லை.